பீஜ்: ஒரு கிராமத்து டிவி நிலையமும் மெட்ராசின் இரண்டாவது சேனலும்

குஜராத்தில் கேடா மாவட்டத்தில், நடியாத் நகரத்துக்குப் பக்கத்தில் பீஜ் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1975இல் இந்தியாவில் டிவி என்றால் டெல்லி, பம்பாய் மாதிரி விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஊர்களின் சமாச்சாரம். அந்த நேரத்தில் பீஜில் 1 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை நிறுத்தினார்கள். பத்து வருஷம் கழித்து, 1985இல், அந்த டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொண்டு போக மத்திய அரசு முடிவு செய்தது. எங்கே தெரியுமா? நம்ம மெட்ராசுக்கு. மெட்ராசில் இரண்டாவது சேனல் ஆரம்பிக்க ஒரு டிரான்ஸ்மிட்டர் தேவைப்பட்டது.

மெட்ராசின் இரண்டாவது சேனலைப் பற்றி நம்ம ஆட்கள் நிறைய பேசியிருக்கிறார்கள். அதற்காகக் கை வைக்கப்பட்ட கிராமத்தைப் பற்றித் தமிழில் அதிகம் பேச்சில்லை. வேலூர் மாவட்டம் அணைக்கட்டில் உட்கார்ந்துகொண்டு நான் ஏன் குஜராத் கிராமத்தைத் தோண்டுகிறேன் என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது, கடைசியில் வருகிறேன். முதலில் பின்னணி.

பீஜுக்கு முன்னால்

கிராமத்துக்கு ஒலிபரப்பு என்பது இந்தியாவில் புது யோசனை அல்ல. 1956இல் யுனெஸ்கோ உதவியோடு பூனா சுற்றுவட்டாரத்தில் 150 கிராமங்களில் வானொலி மன்றம் நடத்திப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் கூடி உட்கார்ந்து நிகழ்ச்சியைக் கேட்பார்கள், கேட்டு முடித்ததும் அதைப் பற்றி விவாதிப்பார்கள். நம்ம பக்கம் திருச்சி வானொலி 1960களில் ஏ.டி.டி. 27 நெல் ரகத்தைப் பற்றித் தஞ்சாவூர் விவசாயிகளுக்குச் சொல்லிச் சொல்லி, கடைசியில் அந்த நெல்லுக்கே 'ரேடியோ நெல்' என்று பேர் வந்துவிட்டது. ஒரு ரகத்துக்கு ஆராய்ச்சி நிலையம் வைத்த பெயர் மறந்து, வானொலியின் பெயர் ஒட்டிக்கொண்டது என்றால், கேட்டவர்கள் அதை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்!

டிவி 1959 செப்டம்பர் 15 அன்று டெல்லியில் சோதனை முறையில் ஆரம்பமானது. 1967 ஜனவரி 26 முதல் 'கிருஷி தர்ஷன்' வந்தது. டெல்லியைச் சுற்றி 80 கிராமங்களில் பொது டிவி பெட்டி வைத்து விவசாய நிகழ்ச்சி காட்டினார்கள். இதைப் பார்த்துத் தைரியமானவர் விக்ரம் சாராபாய். நகரத்தில் ஆரம்பித்து மெதுவாகக் கிராமத்துக்குப் போகிற வழக்கமான பாதையைத் திருப்பிப் போடலாம் என்பது அவர் யோசனை. மேலே ஒரு செயற்கைக்கோள் இருந்தால் நாட்டின் மூலையில் இருக்கிற கிராமமும் தலைநகரமும் அதற்கு ஒரே தூரம்தானே.

1969இல் நாசாவோடு ஒப்பந்தம் ஆனது. 1971 டிசம்பர் 30 அன்று சாராபாய் இறந்துபோனார், அவர் அதைப் பார்க்கவில்லை. 1974 மே மாதம் அமெரிக்கா ஏவிய ஏ.டி.எஸ். 6 செயற்கைக்கோளை இந்தியாவுக்குத் தெரிகிற இடத்துக்கு நகர்த்தி, 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை சரியாக ஒரு வருஷம் கடன் கொடுத்தார்கள். இதுதான் 'சைட்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் செயற்கைக்கோள் கல்வி ஒளிபரப்புச் சோதனை. ஆந்திரா, கர்நாடகா, ஒரிசா, பீகார், மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று 6 மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்கள். தமிழ்நாடு பட்டியலில் இல்லை. கோழிவலைக் கம்பி மாதிரியான வலையில் செய்த 3 மீட்டர் குடை ஆன்டெனா, அதோடு ஒரு டிவி பெட்டி. காலையில் ஒன்றரை மணிநேரம் பள்ளிப் பிள்ளைகளுக்கு, மாலையில் இரண்டரை மணிநேரம் பெரியவர்களுக்கு. கொழும்பில் இருந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் வீட்டிலும் இஸ்ரோ ஒரு ஆன்டெனாவை நிறுத்திக் கொடுத்தது. செயற்கைக்கோள் வழியாகத் தகவல் தொடர்பு முடியும் என்று 1945லேயே எழுதியவர் அவர்.

இதில் ஒரு தேதியைக் கவனியுங்கள். மெட்ராஸ் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15. சைட் தொடங்கி இரண்டே வாரம். இரண்டும் எமர்ஜென்சி காலம். அரசு சொல்வதை அரசின் கருவியில் அரசே சொல்கிற காலம் அது. இதை மனசில் வைத்துக்கொண்டுதான் பீஜைப் பார்க்க வேண்டும்.

பீஜில் என்ன வித்தியாசம்?

சைட்டோடு சேர்ந்து பிறந்ததுதான் பீஜ். ஆனால் வேலை செய்த விதம் வேறு. சைட் கிராமங்களில் பெட்டி நேரடியாகச் செயற்கைக்கோளிலிருந்து வாங்கியது. பீஜில் தரையில் ஒரு டிரான்ஸ்மிட்டர். அகமதாபாத்தில் இருக்கும் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் ஸ்டுடியோவில் தயாராகும் நிகழ்ச்சி, மைக்ரோவேவ் இணைப்பு வழியாக பீஜுக்கு வரும். அங்கிருந்து சுற்றிலும் உள்ள கிராமங்களுக்குச் சாதாரண டிவி அலையாகப் போகும். சாதாரண ஆன்டெனா போதும், குடை வேண்டாம்.

1976 ஜூலையோடு அமெரிக்கா தன் செயற்கைக்கோளைத் திருப்பி எடுத்துக்கொண்டது. நேரடியாக வாங்கிய கிராமங்களுக்கு அந்த வழி அன்றோடு அடைபட்டது. பீஜ் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது, ஏனென்றால் அதன் டிரான்ஸ்மிட்டர் வானத்தில் இல்லை, மண்ணில் இருந்தது. அதுதான் கேடா தகவல் தொடர்புத் திட்டம். விண்வெளிப் பயன்பாட்டு மையமும் தூர்தர்ஷனும் சேர்ந்து நடத்தின.

கேடா மாவட்டம் என்றால் ஆனந்த், அமுல். ஊருக்கு ஊர் பால் கூட்டுறவுச் சங்கம், அதற்கென்று ஒரு கட்டடம், காலையும் மாலையும் பால் ஊற்ற வருகிற ஜனம். ஏறத்தாழ 400 கிராமங்களில் 600க்கும் அதிகமான பொது டிவி பெட்டிகளை வைத்தார்கள். பெட்டியைப் பொறுப்பில் வைத்துக்கொள்ள அந்தச் சங்கங்கள் கைகொடுத்தன. இது பெரிய விஷயம். நம்ம ஊர்களில் பஞ்சாயத்து ரேடியோ, பஞ்சாயத்து டிவி என்ன ஆனது என்று பார்த்தவர்களுக்குப் புரியும். பெட்டி வருவது கஷ்டமில்லை. ரிப்பேர் ஆனால் யார் எடுத்துப்போவது, அறைச் சாவி யார் கையில், எத்தனை மணிக்குத் திறப்பது, இதில்தான் திட்டம் படுத்துக்கொள்ளும். கேடாவில் தினமும் இயங்குகிற ஒரு சங்கம் ஏற்கெனவே இருந்தது.

தினமும் சாயந்திரம் சுமார் ஒரு மணிநேரம்தான் நிகழ்ச்சி. விவசாயம், மாடு வளர்ப்பு, சுகாதாரம், குடும்பக் கட்டுப்பாடு எல்லாம் உண்டு. அது எந்த அரசுச் சேனலும் செய்வதுதான். இவர்கள் அதற்கு மேலே போனார்கள். தீண்டாமை, குறைந்தபட்சக் கூலி கொடுக்காதது, குடி, பெண்களின் நிலை, கூட்டுறவுக்குள்ளேயே நடக்கும் ஏற்றத்தாழ்வு, இதையெல்லாம் தொடர்நாடகமாக எடுத்தார்கள். கிராமத்துக்குக் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய், அங்கே இருக்கிறவர்களையே பேசவும் நடிக்கவும் வைத்தார்கள். எடுப்பதற்கு முன்னாலும் ஒளிபரப்பிய பின்னாலும் சமூக ஆய்வாளர்கள் கிராமத்துக்குப் போய், என்ன புரிந்தது, என்ன புரியவில்லை, யாருக்குக் கோபம் வந்தது என்று கேட்டு எழுதினார்கள். அடுத்த நிகழ்ச்சி அதை வைத்து மாறும்.

1984இல் இந்தத் திட்டத்துக்குக் கிராமத் தகவல் தொடர்புக்கான யுனெஸ்கோ பரிசு கிடைத்தது. மறு வருஷமே டிரான்ஸ்மிட்டரைக் கழற்ற முடிவானது.

ஏன் முடிந்தது?

எனக்கு இதில் தெரிகிற வரிசை இதுதான். 1982இல் ஆசிய விளையாட்டுப் போட்டி, கலர் டிவி, தேசிய நிகழ்ச்சி. 1983 ஆகஸ்டில் இன்சாட் 1பி. 1984 நடுவில் நாடு முழுக்க டிரான்ஸ்மிட்டர் வைக்கும் வேகம் எப்படி இருந்தது என்றால், சில மாதங்களுக்கு ஏறக்குறைய நாளுக்கு ஒன்று. பெரும்பாலானவை 100 வாட் சக்தி உள்ள குறைந்த சக்தி டிரான்ஸ்மிட்டர்கள். செயற்கைக்கோளிலிருந்து டெல்லி நிகழ்ச்சியை வாங்கி அப்படியே சுற்றுப்புறத்துக்கு விடுகிற எந்திரங்கள். ஸ்டுடியோ கிடையாது, மைக் கிடையாது. அங்கே வேலை பார்ப்பவர் மெஷினை ஆன் செய்வார், ஆஃப் செய்வார்.

அதே காலத்தில் விளம்பர வருமானமும் தொடர்களும் பெருகின. டிவியின் வெற்றியை அளக்கிற அளவுகோல் மாறியது. எத்தனை சதவீத ஜனத்தொகைக்குச் சிக்னல் எட்டுகிறது என்பதுதான் கேள்வி. இந்தக் கணக்கில் பீஜ் ஒரு வீண் செலவு. அகமதாபாத்தில் பெரிய டிரான்ஸ்மிட்டர் வந்த பிறகு கேடா கிராமங்கள் அதன் எல்லைக்குள் வந்துவிட்டன. ஒரே இடத்துக்கு இரண்டு சிக்னல் எதற்கு? மெட்ராசிலோ இரண்டாவது சேனலுக்கு ஆள் காத்திருக்கிறது. காகிதத்தில் பார்த்தால் நியாயமான முடிவுதான்.

கேடா மக்கள் எதிர்த்தார்கள். டிவி பெட்டியை எடுத்துவிட்டார்கள் என்பதல்ல அவர்கள் புகார். பெட்டி அங்கேயேதான் இருக்கிறது, படமும் வருகிறது, முன்னைவிட அதிகமாகவே வருகிறது. போனது அவர்கள் கிராமத்தைப் பற்றிய அந்த ஒரு மணிநேரம். சிக்னல் எட்டுகிறதா என்று அளக்கிற கருவியில் இந்த இழப்பு பதிவாகவே ஆகாது.

நேர்மையாக இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். எல்லாக் கிராமத்தானும் கூலிப் பிரச்சினை நாடகம் பார்க்கத்தான் டிவி முன்னால் உட்கார்ந்தான் என்று சொல்ல மாட்டேன். நல்ல படமும் பாட்டும் வேறு சேனலில் வந்தால் மனுஷன் அதைத்தான் பார்ப்பான். நம்ம பக்கமும் 'வயலும் வாழ்வும்' ஓடும்போது எழுந்து போனவர்கள், வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' வந்தால் ஓடி வந்தார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஒன்று வந்ததற்காக இன்னொன்றை எடுக்க வேண்டிய கட்டாயம் எங்கிருந்து வந்தது? டிரான்ஸ்மிட்டர் யாருடையதோ அவர்களிடமிருந்து வந்தது. பெட்டியின் சாவி சங்கத்திடம் இருந்தது, டிரான்ஸ்மிட்டரின் சாவி டெல்லியில் இருந்தது.

எங்க பக்கம் எப்படி இருந்தது?

இப்போது அணைக்கட்டுக்கு வருகிறேன். டிவி அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், பூமியின் வளைவுக்குப் பின்னால் இறங்காது. ஒரு எளிய கணக்கு உண்டு. கோபுரத்தின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்குங்கள். வீட்டு ஆன்டெனாவுக்கும் அதே மாதிரி. இரண்டையும் கூட்டினால் எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்று வரும். உதாரணத்துக்கு 150 மீட்டர் கோபுரம் என்றால் 50 கிலோமீட்டர். மாடியில் 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா என்றால் 13. மொத்தம் 63. மெட்ராசிலிருந்து எங்க ஊர் நேர்கோட்டில் பார்த்தாலும் 120 கிலோமீட்டருக்கு மேல். நடுவில் மலை வேறு. பெரிய ஆன்டெனா, பூஸ்டர் எல்லாம் வைத்தாலும், காற்று மண்டலம் ஒத்துழைக்கிற சில ராத்திரிகளில்தான் புள்ளி புள்ளியாக ஏதாவது தெரியும். கடலோரத்தில் இருக்கிறவர்களுக்குச் சில நாள் இலங்கை ரூபவாஹினி கிடைத்ததும் இதே காற்று மண்டல விளையாட்டுதான்.

ரேடியோவுக்கு இந்தத் தொல்லை இல்லை. மத்திய அலை தரையை ஒட்டியே வளைந்து வரும். மெட்ராஸ் ரேடியோ எங்க பக்கம் பகலிலும் கேட்டது. இலங்கை வானொலியை வைத்துக்கொண்டு தையல் மிஷின் ஓட்டாத தெரு கிடையாது. ஆக எங்களுக்கு வந்ததெல்லாம் மெட்ராசிலிருந்து, கொழும்பிலிருந்து, டெல்லியிலிருந்து. எங்களைப் பற்றி எங்களுக்கே சொல்கிற நிலையம் என்று ஒன்று இருந்ததில்லை. வேலூருக்கு டிவி டிரான்ஸ்மிட்டர் வந்தபோதும் அது மேலே சொன்ன ரகம்தான். வாங்கி விடும், தானாக ஒரு வார்த்தை பேசாது.

இதனால் என்ன நஷ்டம்? ஒன்றைச் சொல்கிறேன்.

1970களின் நடுவில், பீஜ் ஆரம்பித்த அதே காலத்தில், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளில் பெரிய மாற்றம் நடந்தது. ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட அரைகுறைத் தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதை 1973க்குப் பிறகு மத்திய அரசு கட்டுப்படுத்தியது. முழுதாகப் பதனிட்ட தோலும் செருப்பும் ஷூவுமாக அனுப்பினால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி அதிகம் என்பது கணக்கு. அதற்குக் குரோமியம் உப்பும் நிறைய தண்ணீரும் ரசாயனமும் வேண்டும். வேலை பெருகியது, ஆயிரக்கணக்கான குடும்பம் பிழைத்தது. கழிவு பாலாற்றுப் படுகையில் இறங்கியது. கிணற்றுத் தண்ணீர் நிறம் மாறியது, உப்பானது. தென்னை காய்ப்பை நிறுத்தியது.

இந்தச் சங்கதி ஊருக்கு ஊர் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒரு ஊர்க்காரனுக்கு அடுத்த ஊர்க் கிணறும் அப்படித்தான் என்று கோர்வையாகச் சொல்ல யாரும் இல்லை. வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடு தர வேண்டும், தீங்கு வரும் என்று தெரிந்தால் முன்கூட்டியே தடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. டேனரிப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கில்லாமல் போனது என்று வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு அந்தத் தீர்ப்பில் பதிவானது.

எங்க மண்ணைப் பற்றிய அந்தக் கணக்கு ஊருக்கெல்லாம் தெரிய டெல்லி நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. பீஜ் மாதிரி ஒரு நிலையம் வேலூரில் 1975இலிருந்து இருந்திருந்தால் ஆறு காப்பாற்றப்பட்டிருக்கும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. டேனரி முதலாளி, தோல் தூக்குகிற தொழிலாளி, கிணறு கெட்ட விவசாயி, மூன்று பேரும் ஒரே திரையில் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டிருப்பார்கள். இருபது வருஷம் கழித்து வந்த பேச்சு கொஞ்சம் முன்னாலேயே ஆரம்பித்திருக்கும். அவ்வளவுதான். அதுவே சின்ன விஷயமில்லை.

பீஜ் ஏன் துணிந்து பேச முடிந்தது?

ஒரு சந்தேகம் உடனே வரும். உள்ளூர் நிலையம் என்றால் உள்ளூர்ப் பெரிய மனுஷன் கையில்தானே போகும்? கேடாவில் கூட்டுறவுச் சங்கமே வசதியான விவசாயிகள் செல்வாக்கில் இருந்தது. அப்புறம் எப்படிக் கூலிப் பிரச்சினை திரைக்கு வந்தது?

பதில், வேலையைப் பிரித்து வைத்ததில் இருக்கிறது. பெட்டியைப் பார்த்துக்கொள்வது சங்கம். நிகழ்ச்சி தயாரிப்பது விண்வெளித் துறை சம்பளம் வாங்கும் ஆட்கள். அவர்களுக்குக் கேடாவில் நிலமும் கிடையாது, பால் பாக்கியும் கிடையாது. பேசுவது கிராமத்து ஜனம். இந்த மூன்றில் எந்த ஒன்றும் மற்ற இரண்டை முழுதாக அடக்க முடியாது. ஆனால் அந்தப் பாதுகாப்பேதான் பலவீனமும் ஆனது. தூரத்திலிருந்து வந்த பணம் உள்ளூர்ப் பெரிய மனுஷனிடமிருந்து காப்பாற்றியது. தூரத்திலிருந்து வந்த ஒரே ஒரு உத்தரவு எல்லாவற்றையும் முடித்தது.

இதற்குப் பிறகு சட்டம் கொஞ்சம் நகர்ந்தது. 1995 பிப்ரவரி 9 அன்று, அலைவரிசை பொதுச் சொத்து, அது அரசுக்கு மட்டும் சொந்தமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். வந்தது. 2006 இறுதியில் தொண்டு நிறுவனங்களும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று கொள்கை மாறியது. 2008 அக்டோபர் 15இல் இன்றைய தெலங்கானாவில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் ரேடியோ தொடங்கியது. அங்கே மைக்கும் அவர்களுடையது, சாவியும் அவர்களுடையது. பீஜில் விட்டுப்போன கண்ணி அது.

ஆனாலும் சமுதாய வானொலிக்கு 100 வாட், 30 மீட்டர் கோபுரம் என்று வரம்பு. அகில இந்திய வானொலி தருகிற செய்தியைத் தவிரச் சொந்தமாகச் செய்தி சொல்லக்கூடாது. கிணற்றுக்கு மருந்து எப்படிப் போடுவது என்று சொல்லலாம். நேற்று ராத்திரி எந்த ஓடையில் எந்தக் கழிவு வந்தது என்று செய்தியாகச் சொன்னால் விதி மீறல்.

தரை வழி அனலாக் டிவியையும் பிரசார் பாரதி 2022 வாக்கில் பெரும்பாலும் மூடிவிட்டது. 1984இல் நாளுக்கொன்றாக முளைத்த டிரான்ஸ்மிட்டர்களின் காலம் அதோடு முடிந்தது. இன்றைக்கு எல்லார் கையிலும் போன் இருக்கிறதே, பழைய டிரான்ஸ்மிட்டர் கதை எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பேச இன்று இடம் நிறைய இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் 400 ஊர் ஜனம் ஒரே சாயந்திரம் ஒரே விஷயத்தைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலை பால் ஊற்றுகிற வரிசையில் நின்று அதைப் பற்றியே பேசுவது என்பது போனில் தானாக வருவதில்லை. அதற்கு நிகழ்ச்சி செய்ய ஆள் வேண்டும், போய்க் கேட்டு எழுத ஆள் வேண்டும், ஜனம் கூட ஒரு இடம் வேண்டும். பீஜில் டிரான்ஸ்மிட்டர் தவிர மற்றதெல்லாம் மனுஷர்கள். மெட்ராசுக்கு அனுப்ப முடிவானது அந்த எந்திரம் மட்டும்தான்.